64 பேர் வாழும் ஜில்லா

ஜில்லா என்றதும் நம் மனக்கண் முன் தோன்றுவன யாவை? கலெக்டர் கச்சேரி, தாலுகாக்கள், நூற்றுக்கணக்கான கிராமங்கள், லக்ஷக்கணக்கான ஜனங்கள். ஆனால், 2020-ம் வருஷத்து ஜனக் கணக்கின்படி 64 பேரே வசித்த ஒரு ஜில்லாவும் இப்பூவுலகில் உண்டென்றால் நேயர்கள் வியப்புறுவர். அமெரிக்க ஐக்கிய நாடுகளில், டெக்ஸாஸ் ராஜ்யத்தின் மேற்குப் பகுதியிலுள்ள லவிங் கவுண்டியே அது. கவுண்டி என்பது ஏறக்குறைய நம் ஜில்லாவை ஒத்த ஆட்சிப் பிரிவு.

இதன் விஸ்தீரணம் 677 சதுர மைல். தலைக்குப் பத்துச் சதுர மைலுக்கு மேல் பூமி! எனினும், அது மழை அருகிய வறள் நிலம். மேற்கெல்லையில் ஓடும் பெக்கோஸ் நதியின் நீரோ உப்புக் கரிப்பது.

மாட்டு மந்தைகளை நெடுந்தூரம் ஓட்டிச் சென்று விற்ற ஆலிவர் லவிங் என்பாரின் பெயரே இதற்கு இடப்பட்டது. நதி நீரை வாய்க்கால் வழியே பாய்ச்சிப் பயிர் செய்யலாம் என்ற திட்டத்துடன் வந்தோர் 1893-ல் இங்கே நிர்வாகம் அமைத்தனர். 1897-ல் அது கலைக்கப்பட்டது. பூமிக்கடியில் எண்ணெய் கிடைத்த பின்னர், 1931-ல் மறுபடியும் நிர்வாகம் உண்டாயிற்று. டெக்ஸாஸில் இரு முறை அமைக்கப்பெற்ற கவுண்டி இது ஒன்றே. 1940-ல் ஜனத்தொகை 285-ஐ எட்டியது; பிந்திய கணக்கு எதிலும் அந்த அளவை அது மீண்டும் எட்டவில்லை.

மென்டோன் என்ற சிற்றூரே தலைநகர். 1945-ல் இங்கு ஷெரிப் பதவி ஏற்ற எட்னா என்ற மாது, பின்னர் தேர்தலிலும் வென்று, டெக்ஸாஸில் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண் ஷெரிப் என்னும் கீர்த்தி பெற்றார். காவல் அதிகாரியாயினும் அவர் துப்பாக்கி தரிக்கவில்லையாம்!

எண்ணெய்ச் செல்வம் இங்கே குறைவின்றிச் சுரக்கிறது. கிணறுகளில் உழைக்கத் தொழிலாளர் திரள் திரளாக வருகின்றனர். வேலை முடிந்ததும் தத்தம் ஊர் திரும்புகின்றனர். நிலைத்துக் குடியேறுவோர் அரியர். ஏனெனில், எண்ணெய் பெருகிய இம்மண்ணில் குடிநீரைப் பல்லாண்டுக் காலம் வெளியிலிருந்து வண்டியில் கொணர வேண்டியிருந்தது.

ஆசிரியத் தொழிலில் உள்ள நம் நெஞ்சைத் தொடும் செய்தி வேறொன்று. பிள்ளைகள் குறைந்ததால், 1972-ல் இங்குள்ள கல்வி நிர்வாகம் பக்கத்துக் கவுண்டியிலுள்ள விங்க் என்ற ஊருடன் இணைக்கப்பட்டது. அது முதல் இங்குள்ள சிறுவர் எழுத்தறிவு பெற எல்லை கடந்து செல்கின்றனர். கச்சேரி இருக்கிறது, வரிப்பணம் இருக்கிறது, சாலைகளில் லாரிகள் ஓய்வின்றி ஓடுகின்றன; காலை மணி அடித்துக் குழந்தைகளை அழைக்க ஒரு பள்ளி மட்டும் இல்லை. ஓர் ஊர் ஊராக நிலைபெறத் தண்ணீரும் பள்ளியும் வேண்டும் என்பதை இச்செல்வச் சீமையைக் கண்டு நாம் உணர்கிறோம்.