தேயாத டயருக்கும் வயசாகும்

சிட்னியின் வெஸ்ட்மீட்டில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடியின் தரைக்கீழ் நிறுத்துமிடத்தில், தூண் ஓரமாக ஒரு சிவப்பு மஸ்டா எம்எக்ஸ்-5 துணிப்போர்வைக்குள் தூங்கும். 1990ஆம் வருடத்து வண்டி. மருத்துவமனையில் வேலை பார்க்கும் நண்பருடையது. மாதத்தில் ஒன்றிரண்டு ஞாயிறுகள் போர்வை விலகும். பெல்ஸ் லைன் சாலை வழியாக நீலமலைப் பக்கம் போய்விட்டு, பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடும்.

போன கோடையில் பேரப்பிள்ளையைப் பார்க்க நாமக்கல்லிலிருந்து வந்திருந்தார் நண்பரின் அப்பா. லாரி ஓட்டி, பிறகு லாரி வைத்துப் பிழைத்தவர். குனிந்து, டயரின் பள்ளத்தில் கட்டைவிரல் நகத்தை விட்டுப் பார்த்தார்.

"பட்டன் அப்படியே இருக்குது கண்ணு. இன்னும் முப்பதாயிரம் ஓடும்."

நண்பர் கைபேசி விளக்கைப் போட்டுக்கொண்டு தரையில் மல்லாந்து படுத்து, சக்கரத்தின் உள்பக்கம் தேடினார். டி.ஓ.டி. என்ற எழுத்துகளில் தொடங்கும் வரிசையின் கடைசியில் 3411 என்று இருந்தது. 2011ஆம் ஆண்டின் 34ஆவது வாரம், அதாவது அந்த ஆகஸ்ட் மாதக் கடைசியில், அந்த டயர் ஆலையிலிருந்து வெளியே வந்திருக்கிறது. பெரியவர் சொன்னது தப்பில்லை. அவர் கணக்கு லாரிக்கானது. லாரி டயர் ஓடித் தேய்ந்து சாகும். வார இறுதியில் மட்டும் வெளியே வரும் பழைய விளையாட்டுக் காரின் டயரோ நின்ற இடத்திலேயே சாகும், பட்டன் குறையாமல்.

ரப்பருக்குள் நடப்பது இதுதான். டயருக்குள் அடைத்த காற்றிலுள்ள ஆக்சிஜன், அழுத்தத்தினால் கொஞ்சம் கொஞ்சமாக ரப்பருக்குள் ஊடுருவிக்கொண்டே இருக்கும். எஃகுக் கம்பிப் பட்டைகளுக்கு நடுவே அவற்றைப் பிணைத்து வைத்திருக்கும் மெல்லிய ரப்பர் படலம் உள்ளிருந்தே இறுகி, நெகிழ்வை இழக்கிறது. வெப்பம் கூடக்கூட இந்த வேதிவினையும் வேகம் பிடிக்கும். பத்து டிகிரி கூடினால் ஏறக்குறைய இரட்டிப்பு என்பது பொதுவான கணக்கு. மேற்கு சிட்னிக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 2020 ஜனவரி 4 அன்று பென்ரித்தில் 48.9 டிகிரி பதிவானது. நம் தெருக்களில் வெயிலில் நிற்கும் கார்கள் அதையும்தான் தாங்கின.

வெளிப்பக்கத்தில் வேறொரு கதை நடக்கிறது. காற்றிலுள்ள ஓசோன் ரப்பரைத் தாக்கும். அதற்கென்றே டயருக்குள் மெழுகும் தடுப்பு வேதிப்பொருள்களும் கலந்திருப்பார்கள். சக்கரம் உருண்டு, பக்கச்சுவர் மடங்கி நிமிரும்போதுதான் அவை மேற்பரப்புக்குக் கசிந்து வந்து காக்கும். மாதக்கணக்கில் அசையாமல் நிற்கும் காருக்கு அந்தப் பாதுகாப்பு குறைவு. அதனால்தான் பக்கச்சுவரில் பித்தவெடிப்பு மாதிரி மெல்லிய கீறல்கள் விழுகின்றன. கருப்பு பாலிஷ் போட்டால் கீறல் மறையும், உள்ளே இறுகியது இளகாது. விற்பனைக்கு வரும் பழைய கார்களின் டயர்கள் ஏன் எப்போதும் அப்படிப் பளபளக்கின்றன என்று ஒரு நிமிடம் யோசிப்பது நல்லது.

பட்டனை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதை இங்கிலாந்து கற்றது 2012இல். அந்த செப்டம்பரில், வைட் தீவில் நடந்த இசை விழாவிலிருந்து இளைஞர்களை ஏற்றித் திரும்பிய பேருந்து ஒன்றின் முன்டயர் சர்ரே மாவட்டத்தில் வெடித்தது. ஓட்டுநர் உட்பட மூன்று பேர் இறந்தார்கள். அந்த டயருக்கு வயது 19. பேருந்தை விட மூத்தது. பட்டனோ சட்டம் கேட்கும் அளவுக்கு இருந்தது. மகனை இழந்த ஒரு தாய் விடாமல் போராடினார். 2021 பிப்ரவரி 1 முதல் பிரிட்டனில் லாரி, பேருந்துகளின் முன் அச்சில் பத்து வயது தாண்டிய டயர் கூடாது என்று சட்டம் வந்தது. சொந்தக் கார்களை அந்தச் சட்டம் தொடவில்லை.

நடிகர் பால் வாக்கர் இறந்த 2013ஆம் ஆண்டு விபத்தைப் பலர் அறிவார்கள். அந்த போர்ஷே கரேரா ஜிடியின் டயர்களுக்கு ஒன்பது வயது ஆகியிருந்ததை விசாரணை அறிக்கை பதிவுசெய்தது. ஆனால் முதன்மைக் காரணம் வேகம் என்றே அது முடிவுகட்டியது: 72 கிலோமீட்டர் வரம்புள்ள சாலையில் 130க்கும் 150க்கும் இடைப்பட்ட வேகம். டயர்தான் கொன்றது என்று எழுதுகிறவர்கள் பாதியை விட்டுவிடுகிறார்கள். பழைய டயர் எப்போதும் வெடிப்பதில்லை. பெரும்பாலும் அது செய்வது, மழை நனைத்த வளைவில் நாம் எதிர்பார்க்கும் பிடியைத் தராமல் போவதுதான். ஏற்கெனவே செய்த தவறை அது மன்னிக்காது.

ஆஸ்திரேலியாவில் சொந்தக் கார் டயரின் வயதுக்குச் சட்டப்படி உச்சவரம்பு கிடையாது. நியூ சவுத் வேல்ஸில் ரெஜோ என்ற வாகனப் பதிவைப் புதுப்பிக்க எடுக்கும் 'பிங்க் ஸ்லிப்' சோதனையில் பட்டன் 1.5 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கிறதா, வெட்டோ வீக்கமோ தெரிகிறதா என்று பார்ப்பார்கள். பிறந்த தேதி அதில் சேராது. அதனால் பிங்க் ஸ்லிப் கையில் இருப்பது டயர் இளமையானது என்பதற்கு அத்தாட்சி ஆகாது. தயாரிப்பாளர்கள் சொல்வதுதான் நமக்குள்ள அளவுகோல். ஐந்து வருடத்துக்குப் பிறகு ஆண்டுக்கு ஒருமுறை தேர்ந்தவரிடம் காட்டுங்கள், பத்து வருடம் ஆனால் பார்க்க எப்படி இருந்தாலும் மாற்றுங்கள் என்கிறது மிஷலின். ஃபோர்டு போன்ற சில கார் நிறுவனங்கள் ஆறு வருடத்திலேயே மாற்றச் சொல்கின்றன. சிட்னி வெயிலில், கார் வெளியே நிற்கும் வீடாக இருந்தால், நான் ஆறுக்குத்தான் வாக்களிப்பேன்.

இனி, எந்த டயரை வாங்குவது? முப்பது வயது தாண்டிய, மாற்றம் செய்யாத கார்களுக்கு நியூ சவுத் வேல்ஸில் வரலாற்று வாகனத் திட்டம் உண்டு. அங்கீகரிக்கப்பட்ட மன்றம் ஒன்றில் சேர்ந்து, பதிவேட்டில் எழுதிக்கொண்டு, ஆண்டுக்கு 60 நாள் சொந்தமாக ஓட்டலாம். 1990 எம்எக்ஸ்-5க்கு அந்தத் தகுதி வந்துவிட்டது. அசல் தோற்றத்தின் மேல் ஆசை வைப்பவர்கள் பலர் இந்த வழியில் வருகிறவர்கள்தான். ஆசை நியாயம். அசல் தோற்றம் வேண்டும் என்பதற்கு அசல் வயதும் வேண்டும் என்று பொருளில்லை.

'அசல் டயர்' என்ற பெயரில் இரண்டு வேறு சரக்குகள் சந்தையில் கிடைக்கின்றன. ஒன்று, பழைய வடிவத்தை வைத்துக்கொண்டு இன்று புதிதாக வார்ப்பது. பிரெல்லி தன் கொலெசியோனே வரிசையில் சிஎன்36, பி7 போன்ற பழைய வடிவங்களை இப்படிச் செய்கிறது. கோடுகள் அன்றையவை, ரப்பர் கலவை இன்றையது. மஸ்டா 2017இல் ஜப்பானில் முதல் தலைமுறை எம்எக்ஸ்-5களுக்குச் சீரமைப்புத் திட்டம் அறிவித்தபோது, அந்தக் காலத்து பிரிட்ஜ்ஸ்டோன் எஸ்எஃப்325 டயரை அதே 185/60ஆர்14 அளவில் மறுபடி செய்ய வைத்தது. கார் நிறுவனமே முன்வந்து இப்படிச் செய்வது அபூர்வம்.

இரண்டாவது, அந்தக் காலத்திலேயே செய்து விற்காமல் யாருடைய கிடங்கிலோ கிடந்தது. ஸ்டிக்கர்கூடக் கிழியாமல் இருக்கும். கண்காட்சியில் நிறுத்த மட்டும் என்றால் அழகு. சாலைக்கு வேண்டாம் என்பதே என் தீர்ப்பு. இருபத்தைந்து வருடம் இருட்டில் கிடந்த ரப்பரும் இருபத்தைந்து வருட ரப்பர்தான்.

போர்ஷே வைத்திருப்பவர்கள் பக்கச்சுவரில் என்0, என்1 போன்ற குறிகளைத் தேடுவார்கள். அந்தக் காருக்கென்று நிறுவனம் சோதித்து ஒப்புக்கொண்ட டயர் என்று அதற்கு அர்த்தம். தேதி பழையதாக இருந்தால் அந்தக் குறியால் ஒரு பயனும் இல்லை. குறி இல்லாத காராக இருந்தால், ஓட்டுநர் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கும் தகட்டிலுள்ள அளவு, சுமை எண், வேக எழுத்து மூன்றையும் பாருங்கள். 82எச் என்றால் ஒரு டயர் 475 கிலோ தாங்கும், மணிக்கு 210 கிலோமீட்டர் வரை ஏற்றது. இதற்குக் கீழே இறங்கக் கூடாது. பின்சக்கரம் தள்ளும் காரில் முன்னால் மட்டும் புது டயர் போட்டுப் பின்னால் இறுகிப்போனதை விட்டுவைத்தால், மழையில் பின்பக்கம் சுழன்றுவிடும். மாற்றினால் நான்கையும் மாற்றுங்கள். காற்று விஷயம் இன்னொன்று: இந்தச் சின்ன மஸ்டாவுக்கு நிறுவனம் சொன்னது 26 பிஎஸ்ஐ. கடைப் பையன் பழக்கத்தில் 36 அடித்து அனுப்புவான். கல்லாய் இறுகிய காரில் வீடு வந்து, டயரைக் குறை சொல்வோம்.

நண்பருக்கு நடந்ததற்கு வருகிறேன். ஒரு கடையில் பழைய வடிவத்து டயர் நான்கு, 'புத்தம் புதுசு' என்று சொல்லி விற்றார்கள். பூட்டிய பிறகு பார்த்தால் தேதி ஏழு வருடத்துக்கு முந்தியது. கேட்டபோது, "ஓடவே இல்லையே சார், புதுசுதானே" என்று கடைக்காரர் சிரித்தார். கல்லாப் பக்கம் 'திருப்பித் தர இயலாது' என்று அட்டை வேறு. அந்த அட்டை நம் சட்ட உரிமையை மறைக்க முடியாது. ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டப்படி, விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும், சொன்ன விவரத்தோடு பொருந்த வேண்டும், சொன்ன உபயோகத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். குறை பெரியதென்றால் பணமா, மாற்றுப் பொருளா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை வாங்கியவருடையது.

நண்பருக்குக் கைகொடுத்தது ஒரே ஒரு குறுஞ்செய்தி. வாங்குவதற்கு முன், "இந்த வருடத் தயாரிப்பா?" என்று அவர் எழுதிக் கேட்டதற்கு, "ஆமாம்" என்று கடை பதில் அனுப்பியிருந்தது. அதோடு பக்கச்சுவர் எண்ணின் புகைப்படத்தையும் ரசீதையும் சேர்த்து ஒரு கடிதம் எழுதினார். இரண்டு வாரத்தில் டயர் மாறியது. மாறாமல் இருந்திருந்தால் அடுத்த படி நியூ சவுத் வேல்ஸ் ஃபேர் டிரேடிங், எண் 13 32 20. புகாருக்குக் கட்டணம் இல்லை. இரு தரப்பையும் பேசித் தீர்க்க வைப்பார்கள். அதிலும் தீராவிட்டால் என்கேட் எனப்படும் மாநிலத் தீர்ப்பாயம். வழக்கறிஞர் இல்லாமலே போகலாம். ஆங்கிலம் தடையாக இருக்கும் பெற்றோருக்காக 131 450 என்ற எண்ணில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டு வாங்கலாம்.

தனியாரிடம், அதாவது இணைய விளம்பரம் பார்த்து ஒருவர் வீட்டு வாசலில் வாங்கினால், தரம் பற்றிய இந்த உத்தரவாதங்கள் கிடையா. உரிமம் பெற்ற வியாபாரியிடம் பழைய காரையே வாங்கினால், பத்து வயது தாண்டிய வண்டிக்கு மாநிலத்தின் வியாபாரி உத்தரவாதம் பொருந்தாது. நுகர்வோர் சட்டம் மட்டும் பொருந்தும். வாங்கும் முன்பே ஐந்து டயரின் தேதியையும் எழுதிக் கேட்பது இதனால்தான்.

காப்பீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. டயர் சரியில்லை என்று சொல்லி நிறுவனம் இழப்பீட்டை மறுத்தால் உடனே தலையாட்டிவிட வேண்டாம். 1984ஆம் ஆண்டு காப்பீட்டு ஒப்பந்தச் சட்டத்தின் 54ஆவது பிரிவு, அந்தக் குறை விபத்துக்குக் காரணமாகவில்லை என்று நீங்கள் நிறுவினால், அதை மட்டும் காரணம் காட்டி மறுக்க நிறுவனத்தை விடாது. நின்ற காரைப் பின்னாலிருந்து வேறொருவர் இடித்ததற்கு உங்கள் டயர் வயது என்ன செய்யும்? முதலில் நிறுவனத்திடமே எழுத்தில் முறையிட்டு, பிறகு ஆஃப்கா எனப்படும் நிதிப் புகார் ஆணையத்துக்குப் போகலாம். அங்கும் நுகர்வோருக்குச் செலவில்லை. ஆனால் மழையில் வழுக்கிச் சுவரில் மோதிய காரின் டயர் பதினான்கு வயது என்றால், இந்தப் பிரிவு உங்களைக் காப்பாற்றும் என்று எண்ண வேண்டாம்.

ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் பெரியவர் மறுபடி கீழே இறங்கி வந்தார். நான்கு டயரும் புதுசு. நகத்தை விடவில்லை, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எண்ணைத் தேடினார். பிறகு பின்பெட்டியைத் திறக்கச் சொல்லி, "ஸ்டெப்னியப் பாத்தியா கண்ணு?" என்றார். யாரும் பார்த்திருக்கவில்லை. 2000க்கு முன்பு செய்த டயர்களில் தேதிக்கு மூன்று இலக்கங்கள்தான் இருக்கும். அதில் மூன்றுதான் இருந்தன.