வயல் நீரிலே விளையும் பசளை

நெற்பயிருக்கு நைதரசன் இன்றியமையாதது. அதனை யூரியாவாக விலைகொடுத்து வாங்குகின்றோம். 2021ஆம் ஆண்டு இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்ட காலத்தில், பிறநாட்டுப் பசளையை மாத்திரம் நம்பியிருப்பதன் இடரைக் கமக்காரர் நன்குணர்ந்தனர். நைதரசனின் ஒரு பகுதியை எமது வயல் நீரிலேயே விளைவித்தல் இயலும்.

நீலப்பச்சைப் பாசி

நீர் கட்டிய வயலில் மிதக்கும் பாசிகள் யாவும் ஒரே தன்மையன அல்ல. நீலப்பச்சைப் பாசிகளுட் சில, காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துத் தம் உடலிற் சேர்க்கும் ஆற்றலுடையன. நெல்வயல் நைதரசன் பெறுவதில் இவற்றின் பங்கை 1939ஆம் ஆண்டில் பி. கே. டே என்னும் இந்திய விஞ்ஞானி எடுத்துக்காட்டினார். பேராதனைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். ஏ. குலசூரிய, ரோஜர் என்பாருடன் இணைந்து இப்பாசிகளைப் பற்றி எழுதிய நூலைச் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1980இல் வெளியிட்டது.

வாய்ப்பான வயலில் ஒரு போகத்தில் ஏக்கருக்கு 8 முதல் 12 கிலோகிராம் வரை நைதரசன் சேரலாம். 10 கிலோகிராம் நைதரசன் ஏறக்குறைய 22 கிலோகிராம் யூரியாவில் உள்ளதற்குச் சமமாகும்.

வளர்க்கும் முறை

வெயில் படும் இடத்தில் 2 மீற்றர் நீளமும் 1 மீற்றர் அகலமுமான ஆழமற்ற குழியை வெட்டிப் பொலித்தீன் விரிக்குக. சலித்த மண் 10 கிலோகிராமுடன் சுப்பர் பொசுபேற்று 200 கிராம் கலந்து பரப்பி, நான்கு அங்குலம் நீர் விடுக. மண் புளிப்பாயின் சிறிது சுண்ணாம்பு சேர்க்குக. மண் படிந்து நீர் தெளிந்தபின் நல்ல பாசி வித்தை மேலே தூவுக. ஏறத்தாழ இரு வாரத்தில் பாசி தடித்த படையாகப் படரும். பின் நீரை வற்றவிட்டு, காய்ந்து எழும் செதில்களைச் சேர்த்து உலர்ந்த இடத்தில் வைத்திருக்கலாம்.

நாற்று நட்டு ஒரு வாரத்தின் பின் ஏக்கருக்கு 4 கிலோகிராம் செதிலை நிலைநீரில் தூவுக. பத்து நாள்வரை வயல் வற்றாது காத்தல் வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

இப்பாசி யூரியாவுக்கு முற்றான மாற்றீடு அன்று. பாசி இறந்து உக்கிய பின்னரே அதன் நைதரசனிற் பெரும்பகுதி பயிருக்குக் கிட்டும். ஆகையால் யூரியாவை ஒரேயடியாக நிறுத்துதல் தவறு. முதலில் ஒரு வரவையில் மட்டும் சிறிது குறைத்து, விளைவை ஒப்பிட்டுப் பார்க்குக. யூரியாவை மிகுதியாக இட்டால் பாசி காற்று நைதரசனைப் பிடிப்பதைக் குறைத்துவிடும். பொசுபேற்றுக் குறைந்த மண்ணிலும், பயிர் அடர்ந்து நிழல் விழும் இடத்திலும் அது நன்கு வளராது. நீர்வாழ் சிற்றுயிர்களும் நத்தைகளும் அதனை மேய்ந்து அழிப்பதுண்டு. நிலைநீர் இல்லாத மரக்கறித் தோட்டங்களுக்கு இம்முறை உகந்ததன்று.

பாசி உயிருடன் இருக்கும்போதே அமோனியாவை நீரில் வெளியிடும் திரிபுகளை 1980களில் அமெரிக்க ஆய்வாளர் தெரிந்தெடுத்து, நெற்பயிருடன் வளர்த்துச் சோதித்தனர். அத்தகைய பாசிகள் கமக்காரர் கைக்கு வருமட்டும் காத்திருத்தல் வேண்டியதில்லை. இயற்கைப் பாசியை வளர்க்க ஒரு குழியும், ஒரு கூடை மண்ணும், சிறிது பொசுபேற்றும், வெயிலுமே போதும். வரும் போகத்திற்கு முன் ஒரு குழியிற் செய்து பார்த்தல் நன்று.