காஸ் வண்டி வாங்குமுன் காஸ் வரும் பாதையை அறிவீர்

திருத்தணி வட்டாரத்தில் நெல், கரும்பு, வேர்க்கடலையோடு, கிணற்று நீர் உள்ள இடங்களில் சிறு விவசாயிகள் காய்கறியும் பூவும் பயிரிட்டு வருகின்றனர். இவற்றுக்கு நல்ல விலை கிடைக்க வேண்டுமானால், விடியுமுன் சுமார் 80 கிலோ மீட்டர் தூரத்திலுள்ள கோயம்பேடு சந்தையில் சரக்கு இறங்கியாக வேண்டும். வாடகை கொடுத்தது போக மிஞ்சுவது கொஞ்சமே என்பதால், இரண்டு மூன்று பேர் கூடிச் சொந்தமாக ஒரு சிறு சரக்கு வண்டி வாங்க எண்ணுவதுண்டு. டீசல் வண்டியா, காஸ் வண்டியா என்ற கேள்வி அப்போது எழுகிறது. பழைய காஸ் வண்டி மலிவாகக் கிடைத்தால் ஆசை இன்னும் கூடுகிறது.

டீசல் வண்டி வாங்குபவர் புகையையும் டயரையும் பார்த்து விலை பேசிவிடலாம். காஸ் வண்டிக்கு அது போதாது. அதன் மதிப்பும் ஆபத்தும் கண்ணில் படாத சிலிண்டரில் இருக்கின்றன. காஸ் எங்கிருந்து எப்படி என்ஜினுக்கு வருகிறது என்று தெரிந்துகொண்டால் எதைப் பார்க்க வேண்டும் என்பது தானே விளங்கும்.

எந்த காஸ்?

வாயுவில் வண்டி ஓட்டுவது நம் நாட்டுக்குப் புதிதல்ல. இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோல் தட்டுப்பாடு ஏற்பட்டதால் சென்னை மாகாணத்தில் கரியை எரித்து உண்டாக்கிய வாயுவில் பஸ்கள் ஓடின. அந்த வாயு ஓடும்போதே உண்டாகி அப்போதே செலவாயிற்று. இன்றைய சி.என்.ஜி. வண்டியில் காஸை நெருக்கி அடைத்து எடுத்துச் செல்கிறார்கள். வேற்றுமை இங்கேதான்.

சி.என்.ஜி. என்பது அழுத்தி அடைக்கப்பட்ட இயற்கை எரிவாயு. இதில் பெரும்பகுதி மீத்தேன். காவிரிப் படுகையிலும் ராமநாதபுரம் பகுதியிலும் இவ்வாயு பூமியிலிருந்து எடுக்கப்படுகிறது. திருவள்ளூர் மாவட்டக் கரையிலுள்ள காமராசர் துறைமுகத்தில், ஆண்டுக்கு 50 லட்சம் டன் கையாளும் முனையம் 2019இல் தொடங்கப்பட்டது. சுழிக்குக் கீழே 162 டிகிரி குளிரில் திரவமாகக் கப்பலில் வரும் வாயு அங்கு மீண்டும் ஆவியாக்கப்பட்டுக் குழாயில் அனுப்பப்படுகிறது.

சமையல் காஸ் வேறு, இது வேறு. சமையல் காஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும். இயற்கை எரிவாயு காற்றைவிட இலேசானது. கசிந்தால் மேலே எழும்பிக் கூரையடியில் சேரும். சமையல் காஸ் சிலிண்டரில் அழுத்தம் பொதுவாக 10 பாருக்கும் குறைவு. சி.என்.ஜி. சிலிண்டரில் 200 பார். கார் டயருக்குச் சுமார் 30 பவுண்டு காற்று அடிப்பார்கள். அதே கணக்கில் இந்தச் சிலிண்டரில் இருப்பது 2,900 பவுண்டு.

காஸ் வரும் பாதை

காஸ் நிரப்பும் முனையில் ஒருவழி வால்வு உண்டு. உள்ளே சென்ற காஸ் அவ்வழியே திரும்ப முடியாது. அங்கிருந்து கனத்த எஃகுக் குழாய் வழியாகச் சிலிண்டரை அடைகிறது. 60 லிட்டர் கொள்ளளவுள்ள சிலிண்டரில் ஏறக்குறைய 9 முதல் 10 கிலோ காஸ் பிடிக்கும். வெறும் இரும்புச் சிலிண்டரே 50 கிலோவுக்கு மேல் எடை இருக்கும். அவ்வளவு சரக்கு இடத்தை அது எடுத்துக்கொள்கிறது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

சிலிண்டரின் வாயில் கையால் மூடும் வால்வும், தீயில் சூடேறினால் திறந்து காஸை வெளியேற்றும் பாதுகாப்பு அடைப்பும் இருக்கும். சிலிண்டர் வெடிக்காமல் காப்பது இந்தச் சிறிய அடைப்பே. இதை அடைத்தோ பெயிண்ட் பூசி மறைத்தோ வைத்திருக்கும் வண்டியை வாங்கக் கூடாது.

அடுத்து காஸ் ரெகுலேட்டருக்கு வருகிறது. 200 பார் அழுத்தத்தை என்ஜின் தாங்கும் சில பாராகக் குறைப்பது இதன் வேலை. அழுத்தம் சட்டென்று குறையும்போது காஸ் கடுமையாகக் குளிரும். ரெகுலேட்டர் உறைந்துவிடாமல் இருக்க, ரேடியேட்டரில் ஓடும் வெந்நீரை அதைச் சுற்றிச் செலுத்துகிறார்கள். ஆகவே ரேடியேட்டர் நீர் குறைந்தால் என்ஜின் சூடாவதோடு காஸ் ஓட்டமும் தடைப்படும்.

பின்னர் வடிகட்டி வழியாக இன்ஜெக்டரை அடைந்து, தேவைக்கேற்ற அளவில் காற்றோடு கலந்து என்ஜினுக்குள் போகிறது. டீசல் என்ஜினில் காற்றை அழுத்தும் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்கிறது. இயற்கை எரிவாயு தானே பற்றுவதற்குச் சுமார் 540 டிகிரி சூடு வேண்டும். ஆதலால் பெட்ரோல் என்ஜின் போலவே பிளக் மூலம் பொறி கொடுக்கிறார்கள். டீசல் வண்டியைக் காஸ் வண்டியாக மாற்றுவது பெரிய வேலையாவது இதனால்தான். இருந்தும் டிராக்டரிலும் இது செய்யப்பட்டுள்ளது. சி.என்.ஜி.யில் ஓடும்படி மாற்றிய டீசல் டிராக்டர் ஒன்றை 2021 பிப்ரவரி 12ஆம் தேதி மத்திய அமைச்சர் நிதின் கட்கரி அறிமுகம் செய்தார்.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

முதலாவது, சிலிண்டரின் சோதனைத் தேதி. 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை சிலிண்டரைக் கழற்றி நீர் அழுத்தச் சோதனை செய்து சான்று பெற வேண்டும். சான்று இல்லாத வண்டி எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். பதிவுச் சான்றில் எரிபொருள் என்ற இடத்தில் சி.என்.ஜி. என்று இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, துரு. விவசாயியின் வண்டி காய்கறி மட்டும் ஏற்றுவதில்லை. திரும்பும்போது உர மூட்டையும் ஏற்றுகிறது. பொட்டாஷ், யூரியா போன்ற உரங்கள் சிந்தி ஈரத்தோடு சேர்ந்தால் இரும்பை அரிக்கும். தொழு உரமும் அப்படியே. சிலிண்டரைக் கட்டியிருக்கும் பட்டைக்கு அடியில்தான் இந்த ஈரம் தங்கும். மேலே பளபளப்பாக இருந்தாலும் பட்டையடியில் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். வாங்கிய பின்பு உரம் ஏற்றும்போது தார்ப்பாய் விரித்து ஏற்றுவதும், இறக்கியவுடன் நல்ல நீரால் கழுவி உலர்த்துவதும் நலம்.

மூன்றாவது, வெல்டிங். அதிகச் சுமை ஏற்றப் பக்கவாட்டில் கம்பியடைப்பு வைத்து வெல்டிங் செய்வது வழக்கம். சிலிண்டரைக் கழற்றாமல் அதனருகே வெல்டிங் செய்யக் கூடாது. முன்னாள் சொந்தக்காரர் அப்படிச் செய்த தடயம் தெரிந்தால், அங்கீகாரம் பெற்ற சோதனைக் கூடத்தில் காட்டாமல் வாங்கலாகாது.

நான்காவது, கசிவு. இயற்கை எரிவாயுவுக்கு இயல்பாக மணம் கிடையாது. கசிவு தெரிவதற்காகவே நாற்றம் சேர்க்கிறார்கள். நாற்றம் வந்தால் என்ஜினை நிறுத்தி, சிலிண்டர் வால்வை மூடி, விளக்குச் சுவிட்சைத் தொடாமல் விலகி நிற்க வேண்டும். அந்த வால்வு எங்கே இருக்கிறது என்பது ஓட்டுபவருக்கு மட்டுமல்ல, வீட்டாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். கூரையடியில் காற்று வெளியேற வழியில்லாத கொட்டகையிலும், வைக்கோல் போரின் அருகிலும் வண்டியை நிறுத்தக் கூடாது.

லாபம் எப்போது?

எரிசக்தியில் 1 கிலோ காஸ் ஏறக்குறைய 1.4 லிட்டர் பெட்ரோலுக்கு ஈடு. ஆனால் காஸ் என்ஜினுக்குள் காற்றின் இடத்தைக் கொஞ்சம் பிடித்துக்கொள்வதால், பெட்ரோலில் ஓடும்போது உள்ளதைவிட இழுவிசை சற்றுக் குறையும். மேட்டுப் பாதையில் பாரத்தோடு செல்பவர்கள் இதை உணர்வார்கள்.

நிரப்பும் நிலையம் குழாயோடு இணைந்ததா, லாரியில் காஸ் கொண்டுவரப்படுவதா என்றும் விசாரிக்க வேண்டும். லாரிக் காஸ் தீரத் தீர அழுத்தம் இறங்கி, சிலிண்டர் முழுதும் நிரம்பாது. வெயில் காலத்தில் சிலிண்டர் சூடாக இருப்பதாலும் சிறிது குறைவாகவே பிடிக்கும். வழக்கமாகச் செல்லும் பாதையில் நிலையம் இல்லாவிட்டால், மிச்சமான காசு வரிசையில் நிற்பதிலும் சந்தை நேரம் தவறுவதிலும் போய்விடும்.

சாண எரிவாயுவை வண்டியில் அடைக்கலாமா?

கூடாது. சாண எரிவாயுவில் மீத்தேன் 55 முதல் 60 சதவீதமே. மீதியில் பெரும்பங்கு கரியமில வாயு. அதோடு ஈரமும் ஹைட்ரஜன் சல்பைடும் இருப்பதால் இரும்புச் சிலிண்டரை உள்ளிருந்து அரித்துவிடும். ஆலைகளில் இவற்றை நீக்கி, மீத்தேனை 90 சதவீதத்துக்கு மேல் உயர்த்திய பின்பே வண்டிக்கு ஏற்றதாக்குகிறார்கள். 2018 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய சதத் திட்டம் இத்தகைய ஆலைகளுக்கானது. கரும்பு ஆலையின் பிரஸ்மட்டும் இதற்கு மூலப்பொருளாகிறது. 100 டன் கரும்பு அரைத்தால் 3 முதல் 4 டன் பிரஸ்மட் கிடைக்கிறது.

வீட்டுச் சாண எரிவாயுவுக்கு அடுப்பும் பம்பு செட்டும்தான் தகுந்த இடம். நாலைந்து மாடுகளின் 50 கிலோ சாணத்தில் நாளொன்றுக்கு 2 கன மீட்டர் வாயு கிடைக்கும். டீசல் பம்பு செட்டில் இதைச் சேர்த்து ஓட்டினால் டீசல் செலவில் பெரும்பகுதி குறையும்.

காஸ் வண்டி கெட்டதல்ல; முறையாகப் பராமரித்தால் நம்பகமானது. ஆனால் ஒரு மாடு வாங்கப் பல்லையும் மடியையும் பார்க்கும் விவசாயி, காஸ் வண்டி வாங்கும்போது சிலிண்டரில் பொறித்த தேதியைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்கலாகாது.