வார நாளில் சென்றால் மலிவு: முதுகுப்பைப் பயணிகளுக்கு டையூ சொல்லும் கணக்கு

குஜராத்தின் தென்கடலோரத்தில், குறுகிய உப்பங்கழி ஒன்றால் நிலப்பரப்பிலிருந்து பிரிந்து கிடக்கிறது டையூ தீவு. குஜராத் சுல்தான் பகதூர் ஷாவுடன் செய்துகொண்ட உடன்பாட்டின்படி 1535இல் இங்கு கோட்டை கட்டத் தொடங்கிய போர்த்துகீசியர்கள், 1961 டிசம்பர் 19 அன்று இந்தியப் படைகளிடம் சரணடையும் வரை வெளியேறவில்லை. கோவா, டாமன் ஆகியவற்றுடன் ஒரே யூனியன் பிரதேசமாக இருந்த டையூ, 1987இல் கோவா தனி மாநிலமானதும் பிரிந்தது. 2020 ஜனவரி 26 முதல் தாத்ரா நகர் ஹவேலியுடன் இணைந்த பிரதேசத்தின் ஒரு மாவட்டமாக உள்ளது.

கோவாவின் கூட்டத்தையும் வாடகையையும் தவிர்க்க விரும்பும் 'பேக்பேக்கர்' எனப்படும் முதுகுப்பைப் பயணிகள் நீண்ட காலமாகவே இந்த ஊரை அறிந்து வைத்துள்ளனர். ஆனால், டையூ எல்லா நாள்களிலும் மலிவான ஊர் அல்ல. அதற்கான காரணம் கடற்கரையில் இல்லை, மாநில எல்லையில் இருக்கிறது.

எல்லைக்கு இருபுறமும் இரு சட்டங்கள்

குஜராத்தில் மதுவிலக்கு நடைமுறையில் உள்ளது. டையூவில் மதுவுக்குத் தடையில்லை. எனவே வார இறுதியிலும், தீபாவளி விடுமுறையிலும் சௌராஷ்டிரப் பகுதி நகரங்களிலிருந்து வாகனங்கள் அணிவகுத்து வருகின்றன. அந்நாள்களில் அறை வாடகை பன்மடங்கு உயர்வதும், சிறிய விடுதிகளில்கூட இடம் கிடைக்காமல் போவதும் வழக்கம். திங்கள் முதல் வியாழன் வரை அதே அறைகள் காலியாகக் கிடக்கும். வாடகையைப் பேசிக் குறைக்கவும் இயலும். குறைந்த செலவில் பயணம் செய்வோர் கவனிக்க வேண்டிய முதல் செய்தி இதுவே.

இரண்டாவது செய்தி இதைவிட முக்கியமானது. டையூவில் சட்டப்படி வாங்கிய மதுப்புட்டியே ஆனாலும், அதைப் பையில் வைத்துக்கொண்டு எல்லையைக் கடந்தால் குஜராத் மதுவிலக்குச் சட்டத்தின்கீழ் குற்றமாகும். சோதனைச் சாவடிகளில் வாகனங்களும் பைகளும் சோதிக்கப்படுகின்றன. வாங்கிய ரசீதைக் காட்டித் தப்பிவிடலாம் என்பது தவறான நம்பிக்கை. மிச்சமிருக்கும் ஒரு புட்டிக்காக வழக்கு, ஜாமீன் என்று அலைய நேரிடலாம்.

சென்றடையும் வழி

தீவில் ரயில் நிலையம் இல்லை. பெரும்பாலானோர் ஏறத்தாழ 90 கி.மீ. தொலைவிலுள்ள வேராவல் வரை ரயிலில் வந்து, அங்கிருந்து பேருந்தில் உனா நகரம் வழியாக டையூவை அடைகின்றனர். உனாவிலிருந்து பகிர்வு ஆட்டோக்களும் உண்டு. ரயிலில் இன்னும் நெருங்கி வர விரும்புவோருக்கு, கீர் காட்டின் ஊடே செல்லும் மீட்டர் கேஜ் பாதையின் முடிவில் உள்ள தேல்வாடா நிலையம் சுமார் 8 கி.மீ. தொலைவில் இருக்கிறது. பயணம் மிக மெதுவானது; நேரத்தைக் கணக்கிடாதவர்களுக்கே ஏற்றது.

ஊருக்குள் வந்தபின் செலவு பெரிதாக இல்லை. தீவின் நீளம் பத்துக் கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். வாடகை மிதிவண்டி ஒன்று போதும்.

வெளிநாட்டுப் பயணிகளுக்கு மட்டும் ஒரு சிக்கல் உண்டு. அவர்கள் தங்கும் விவரத்தை விடுதி உரிமையாளர் 24 மணி நேரத்துக்குள் இணையவழியில் குடியேற்றப் பிரிவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது நாடு முழுவதற்குமான விதி. இந்த நடைமுறைக்குத் தயங்கும் மிகச் சிறிய விடுதிகள், அறை இருந்தும் இல்லை என்று சொல்லிவிடுகின்றன. அலைச்சலைத் தவிர்க்க முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

கோட்டையும் பூட்டிய வீடுகளும்

1538, 1546 ஆகிய ஆண்டுகளில் இரு பெரும் முற்றுகைகளைத் தாங்கிய கோட்டைதான் ஊரின் அடையாளம். மூன்று புறமும் கடல். மதில்மேல் பீரங்கிகள் இன்னும் கடலைப் பார்த்தபடி நிற்கின்றன. கோட்டையின் ஒரு பகுதி அண்மைக்காலம் வரை சிறையாகப் பயன்பட்டது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்ட புனித பவுல் தேவாலயத்தில் இன்றும் வழிபாடு நடக்கிறது. புனித தாமஸ் தேவாலயம் அருங்காட்சியகமாகிவிட்டது. இவற்றைப் பார்க்கப் பெரும் செலவு ஏதும் ஆகாது.

நாகோவா கடற்கரைக்குச் செல்லும் வழியில் தென்படும் ஹோக்கா பனை தனிக்கவனத்துக்குரியது. பனையை ஒற்றைத் தண்டு மரமாகவே பார்த்துப் பழகியவர்களுக்கு, இரண்டிரண்டாகக் கிளை பிரியும் இந்த மரம் வியப்பளிக்கும். போர்த்துகீசியர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்தது என்று வழிகாட்டிகள் சொல்வதுண்டு. தாவரவியலாளர்களோ இதை மேற்கிந்தியக் கடலோரத்துக்கே உரிய இனமாகக் கருதுகின்றனர்.

பழைய நகரத் தெருக்களில் வண்ணம் மங்கிய வீடுகள் பல பூட்டிக் கிடக்கின்றன. 1961 டிசம்பர் 19க்கு முன் இங்கு பிறந்தவர்களும் அவர்களின் வழித்தோன்றல்களும் போர்த்துகீசியக் குடியுரிமை கோர அந்நாட்டுச் சட்டம் இடமளிக்கிறது. அதைப் பெற்ற பலர் ஐரோப்பிய ஒன்றியக் கடவுச்சீட்டுடன் பிரிட்டனுக்குச் சென்றனர்; லெஸ்டர் நகரில் டையூ குடும்பங்கள் கணிசமாக வாழ்கின்றன. இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை என்பதால், சொந்த ஊருக்கு அவர்கள் வெளிநாட்டினராகவே திரும்ப வேண்டியுள்ளது. பிரிட்டன் ஒன்றியத்திலிருந்து விலகியபின், 2021 முதல் புதிதாகச் செல்வோருக்கு அந்த வழியும் அடைபட்டது. திருமணத்துக்கும் திருவிழாவுக்கும் மட்டும் திறக்கும் வீடுகளில் சில, விடுதிகளாக மாறினால் பிழைத்துக்கொள்ளலாம். ஆனால் வார இறுதிக் கூட்டம் நாடுவது கடற்கரையோர விடுதிகளையும் மதுக்கூடங்களையும்தான்; பழைய நகரின் சந்துகளில் அறை தேடி வருவோர் பெரும்பாலும் முதுகுப்பைப் பயணிகளே.

கடலில் இறங்கும் முன்

நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான மாதங்கள் பயணத்துக்கு ஏற்றவை. பருவமழைக் காலத்தில் கடல் கொந்தளிப்பதால், கடற்கரைகளில் நீராட நிர்வாகம் தடை விதிப்பது வழக்கம். 1971 போரின்போது டிசம்பர் 9 அன்று பாகிஸ்தான் நீர்மூழ்கிக் கப்பலின் தாக்குதலில் ஐ.என்.எஸ். குக்ரி மூழ்கியதும் டையூவுக்கு அப்பாலுள்ள இதே கடலில்தான். அக்கப்பலுடன் உயிர்நீத்த 18 அதிகாரிகள், 176 மாலுமிகளுக்கான நினைவிடம், கடலை நோக்கிய மேட்டில் அமைந்துள்ளது. மாலையில் மிதிவண்டியில் அங்கு சென்று, சூரியன் மறைந்தபின் ஊருக்குத் திரும்பலாம்.