முன்சக்கர பிரேக்: பேடு மட்டும் மாற்றினால் போதுமா?

நஞ்சில்லாமல் விளைவிப்பது பாதி வேலைதான். விளைந்ததை வாடாமல் கொண்டுபோய்ச் சாப்பிடுறவங்க கையில் சேர்ப்பது மீதி வேலை. தரகு மண்டி வேண்டாம், நேரடியாக விற்போம் என்று இறங்கிய உழவர்கள் பலருக்கும் இன்று துணை ஒரு பழைய பிக்கப் வண்டி. அதன் பிரேக்கைப் பற்றி உழவர் கூட்டங்களில் யாரும் பேசுவதில்லை. அதனால் இந்தக் கட்டுரை.

மதுராந்தகம் பக்கத்திலிருந்து வாரம் ஒருமுறை காய்கறி, கீரை, அரிசி ஏற்றிக்கொண்டு கே.கே. நகர் வருகிறேன். செங்கல்பட்டு, தாம்பரம், கத்திப்பாரா, நூறடி ரோடு, அசோக் பில்லர் என ஏறக்குறைய 80 கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் தெரியாத குறை, சிக்னலுக்குச் சிக்னல் நிற்கும்போது தெரிந்துவிடும். போன மாதம் ஒருநாள் பிரேக் மிதித்தால் ஸ்டியரிங் உதறியது, கிறீச்சென்று சத்தமும் வந்தது. காய்கறியை இறக்கியதும் பக்கத்துத் தெரு மெக்கானிக் கடையில் வண்டியை விட்டுவிட்டு, கூடவே நின்று பார்த்தேன்.

சக்கரத்தைக் கழற்றியதும் அவர் சொன்னார்: "அண்ணே, உள்பக்க பேடு தேஞ்சு தகடு தெரியுது. வெளிப்பக்கம் பாதி அப்படியே இருக்கு. பேடை மட்டும் மாத்தினா மூணு மாசத்துல திரும்ப வருவீங்க." இலை மஞ்சளானதும் மருந்து தேடாமல் மண்ணைப் பார் என்று நாம் சொல்வோமே, அதேதான் இது.

எப்படி வேலை செய்கிறது?

நம் பிக்கப் வண்டிகளில் பெரும்பாலும் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். டிஸ்க்கை ரோட்டர் என்றும் சொல்வார்கள். பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலின் அழுத்தம் காலிபருக்குள் இருக்கும் பிஸ்டனைத் தள்ளும். இரண்டு பேடுகளும் டிஸ்க்கை இரண்டு பக்கமும் கவ்வும். ஓட்டத்தின் விசை அங்கே சூடாக மாறுகிறது. வேகம் 40-லிருந்து 60 ஆனால், நிறுத்தும்போது வரும் சூடு இரண்டேகால் மடங்காகும். பாரம் கூடினால் அந்த அளவுக்குச் சூடும் கூடும். பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை முன்னால் சாய்வதால் முன்சக்கரத்துக்கே வேலை அதிகம்.

காரணம் எங்கே?

காலிபர் இரண்டு பின்களின் மேல் முன்னும் பின்னும் நகர வேண்டும். அந்தப் பின்னின் ரப்பர் உறை கிழிந்தால் சேறும் தண்ணீரும் புகுந்து இறுகிவிடும். அப்புறம் ஒரு பேடு மட்டுமே உரசும். வயல் சேற்றில் இறங்கி ஏறும் வண்டிக்கு இது சீக்கிரம் வரும். பின்சக்கர டிரம்மில் ஷூ தேய்ந்து இடைவெளி கூடியிருந்தாலும் முன்பிரேக்தான் கூடுதல் வேலை செய்யும். என் வண்டியில் இரண்டுமே இருந்தது. ஆகவே முன்பிரேக் வேலை நடக்கும்போதே பின் டிரம்மையும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

டிஸ்க்கை மாற்ற வேண்டுமா?

டிஸ்க்கின் ஓரத்திலோ நடுப்பகுதியிலோ குறைந்தபட்ச தடிமன் எவ்வளவு என்று பொறித்திருப்பார்கள். மைக்ரோமீட்டர் வைத்து நாலைந்து இடத்தில் அளக்க வேண்டும். இடத்துக்கு இடம் தடிமன் மாறினால்தான் ஸ்டியரிங் உதறும். லேத்தில் கொடுத்துச் சீவலாம். ஆனால் சீவிய பிறகும் அந்த அளவுக்கு மேல் இருக்க வேண்டும். மெலிந்த டிஸ்க் சூட்டைத் தாங்காது, வெடிப்பு விடும். பேடில் உரசும் பகுதி 3 மில்லிமீட்டருக்கு வந்தால் மாற்றிவிட வேண்டும். டிஸ்க்கானாலும் பேடானாலும் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றணும். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

உதிரிபாகத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். 1962-ல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா, 1964-ல் தொடங்கிய ரானே பிரேக் லைனிங் என்று பிரேக் செய்யும் தொழில் சென்னையிலேயே வேர்விட்டது. நல்ல பொருள் கிடைக்காத ஊர் அல்ல. பாக எண் எழுதிய பில்லோடு வாங்குங்கள்.

வேலை நடக்கும்போது கவனிக்க

- ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கை வைக்கக் கூடாது. ஸ்டாண்டு கொடுத்து, பின்சக்கரத்துக்குக் கட்டை வைக்க வேண்டும்.
- கழற்றிய காலிபரை ஹோஸில் தொங்கவிடக் கூடாது. கட்டுக்கம்பியால் மேலே கட்டி வையுங்கள்.
- பல பழைய வண்டிகளில் டிஸ்க்கைக் கழற்ற ஹப்பையே எடுக்கணும். அப்போது பேரிங்கைக் கழுவிப் புதுக் கிரீஸ் வைத்து, ஆயில் சீலும் புதிதாகப் போட வேண்டும்.
- புது டிஸ்க்கில் துருப்பிடிக்காமல் எண்ணெய் பூசியிருப்பார்கள். பிரேக் கிளீனரால் துடைத்த பிறகே மாட்ட வேண்டும்.
- பின்னுக்குப் பிரேக்குக்கென்று உள்ள சிலிக்கான் கிரீஸ். சாதாக் கிரீஸ் ரப்பரை ஊதவைத்துவிடும்.
- பிஸ்டனை உள்ளே தள்ளும்போது மேலே டப்பாவில் பிரேக் ஆயில் ஏறும். வழிந்தால் பெயிண்ட் போய்விடும்.
- மாட்டி முடித்ததும், வண்டியை நகர்த்தும் முன் பெடல் கெட்டியாகும்வரை மிதிக்கணும். முதல் மிதியில் பிரேக் இருக்காது.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். பழையதானால் சூட்டில் கொதித்து, பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது.

புதுப் பேடு பழகுவதற்கு, பாரம் இல்லாமல் 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 15-க்கு மெதுவாகக் குறைப்பதைப் பத்து முறை செய்ய வேண்டும். இடையில் ஆற விடுங்கள். சூடாக இருக்கும்போது பெடலை மிதித்தபடியே நிற்காதீர்கள். முதல் 200 கிலோமீட்டருக்குச் சுமையைக் குறைத்து, திடீர் பிரேக்கைத் தவிருங்கள். அதற்குள் ஒருமுறை வீல் நட்டுகளைத் திரும்ப முறுக்கிப் பார்த்துவிடணும்.

தூசியும் நம் மண்ணும்

பழைய பேடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் என்னும் கல்நார் இருக்கலாம். அது நுரையீரலைக் கெடுக்கும். காற்றடித்து ஊத விடாதீர்கள், ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள். பல பேடுகளில் தாமிரமும் உண்டு. போர்டோ கலவையால் மண்ணில் தாமிரம் சேருமே என்று கணக்குப் பார்ப்பவர்கள் நாம். சாலையில் உதிரும் தாமிரம் மழைநீரோடு ஓடைக்குப் போய் சால்மன் மீன்களைப் பாதிக்கிறது என்று அமெரிக்காவில் வாஷிங்டன், கலிஃபோர்னியா மாநிலங்கள் 2010-ல் சட்டம் கொண்டுவந்தன. 2025 முதல் அங்கே விற்கும் புதுப் பேடுகளில் தாமிரம் 0.5 சதத்தைத் தாண்டக் கூடாது. ஆகவே பிரேக் கழுவிய தண்ணீரையும் பழைய ஆயிலையும் கிணற்றடியிலோ வரப்பிலோ ஊற்றாதீர்கள். ஆயிலை மூடி போட்ட கேனில் சேர்த்துக் கழிவு எண்ணெய் எடுப்பவர்களிடம் கொடுங்கள்.

நாலைந்து உழவர்கள் சேர்ந்தால் இரண்டு ஸ்டாண்டும் ஒரு டார்க் ரெஞ்சும் பொதுவாக வாங்கி வைக்கலாம். விதையைப் பகிர்ந்துகொள்ளும் நமக்கு இது பெரிய காரியமில்லை. ஆறு மாதத்துக்கு ஒருநாள் எல்லா வண்டியின் சக்கரத்தையும் கழற்றிப் பேடு எவ்வளவு இருக்கு, பின் நகருதா, ரப்பர் கிழிஞ்சிருக்கா என்று பார்த்துக் குறித்து வையுங்கள். கழற்றி மாட்டும் வேலையை மட்டும் தெரிந்த மெக்கானிக்கிடமே விடுங்கள். வண்டிக்கு அரை மணி நேரம் போதும். அந்த வண்டியில் நம் விளைச்சல் மட்டுமில்லை, நாமும் போகிறோம். எதிரே ரோட்டைக் கடப்பவர்களும் அந்தப் பிரேக்கை நம்பித்தான் கடக்கிறார்கள்.