கலைக்களஞ்சியமும் நம்பகத்தன்மையும்

கலைக்களஞ்சியமொன்றின் நம்பகத்தன்மையை ஆராய்வோர் அதனைப் பெரும்பாலும் பிழைக் கணக்காகவே நோக்கி வந்துள்ளனர். 2005 டிசெம்பரில் 'நேச்சர்' சஞ்சிகை வெளியிட்ட ஒப்பீடு இதற்குத் தக்க சான்றாகும். யாவரும் எழுதவும் திருத்தவும் கூடிய விக்கிப்பீடியா, துறையறிஞர் எழுதும் பிரித்தானிக்கா ஆகியவற்றின் 42 சோடி விஞ்ஞானக் கட்டுரைகள், எது எதனுடையதென அறிவிக்கப்படாது, அவ்வத்துறை வல்லுநரால் மதிப்பிடப்பட்டன. சிறு பிழைகளும் விடுபாடுகளும் முன்னதில் 162, பின்னதில் 123. பாரதூரமான தவறுகள் இரண்டிலும் நான்கு நான்கு. பிரித்தானிக்கா நிறுவனம் 2006 மார்ச்சில் இவ்வாய்வின் முறையியலையே மறுத்தது. சஞ்சிகை தன் முடிபை மீளப்பெறவில்லை. நிபுணர் எழுதியதாலேயே ஓர் ஆக்கம் பிழையற்றதாகிவிடாது என்பது இதனாற் புலனாகின்றது. ஆனால், எண்ணக்கூடிய பிழைகளை மட்டுமே இத்தகைய கணக்கு எண்ணும்.

எண்ணில் அகப்படாத பிழைகளே எமது கவனத்துக்குரியன. 1910–11இல் 29 தொகுதிகளாக வெளிவந்த பிரித்தானிக்காவின் பதினோராம் பதிப்பு, புலமையின் உச்சமென இன்றும் போற்றப்படுவது. அதிலுள்ள 'நீக்ரோ' என்னும் கட்டுரையோ, கறுப்பின மக்கள் அறிவாற்றலில் வெள்ளையரிலும் தாழ்ந்தோர் என்பதை நிறுவப்பட்ட விஞ்ஞான உண்மைபோல் உரைக்கின்றது. இது கவனக்குறைவால் நேர்ந்த வழுவன்று. பேரரசின் தேவைகள் புலமையாக உருப்பெற்ற நிலை. மக்களினம் பற்றிய அப்பகுதியை எழுதியவர் பிரித்தானிய அரும்பொருளகத்து அலுவலர் ஒருவர். அன்றைய துறையறிஞரிடம் கொடுத்துப் பிழை எண்ணச் செய்திருப்பின், அவர்களுட் பெரும்பாலோர் அவ்விடத்தைக் குறித்திருக்கமாட்டார்.

2001இல் தொடங்கிய விக்கிப்பீடியா இந்த ஏகபோகத்தை உடைத்தது. அங்கு ஒவ்வொரு திருத்தமும் பதிவாகிப் பொதுவில் கிடப்பதால், வாசகர் முடிபை மாத்திரமன்றி அதன் பின்னாலுள்ள கருத்துப்போரையும் காணலாம். அச்சிட்ட தொகுதி மறைப்பது இதனைத்தான்.

ஆயின், 'யாவரும்' என்போர் யாவர்? விக்கிமீடியா நிறுவனம் 2011இல் நடத்திய கணிப்பில், எழுதுவோருட் பெண்கள் பத்திலொரு பங்கினர்கூட இல்லை. ஊதியமற்ற இவ்வுழைப்புக்கு ஓய்வுநேரம் வேண்டும். ஓய்வோ சமூகத்திற் சமமாகப் பங்கிடப்பட்டதன்று. மேலும், ஏலவே வெளியான ஆதாரமின்றி எதனையும் சேர்த்தலாகாது என்பது அதன் அடிப்படை விதி. பொய்யைத் தடுக்க அவ்விதி இன்றியமையாததே. எனினும், பதிப்பகமும் பல்கலைக்கழகமும் எவரைப் பற்றி எழுதவில்லையோ அவர்தம் வரலாறு, வாய்மொழியாய் எவ்வளவு செவ்வையாகப் பேணப்பட்டிருப்பினும், அதே விதியால் வாயிலில் நிறுத்தப்படுகின்றது. அச்சேறிய பழைய அறிவுக்கோ இத்தடை இருந்ததில்லை. பதிப்புரிமை காலாவதியான அப்பதினோராம் பதிப்பின் கட்டுரைகள் பல, ஆங்கில விக்கிப்பீடியாவின் தொடக்க ஆண்டுகளில் அதனுட் பெயர்த்து வைக்கப்பட்டன. அவற்றின் வாக்கியங்கள் சில கட்டுரைகளில் இன்றும் உள்ளன.