கணினி இரைகிறதா? கிராபிக்ஸ் கார்டை அமைதிப்படுத்தும் வழிகள்



வாய்மொழித் தேர்வுக்கும் கேட்டல் கருத்தறிதலுக்கும் வீட்டில் பயிற்சி செய்யும் மாணவர்கள் சிலர், தொலைக்காட்சியுடன் இணைத்த கணினியில் காணொளி பார்க்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான். திரை பெரியது, ஒலியும் தெளிவு. ஆனால் கணினி 'உய்ய்' என்று இரைந்துகொண்டே இருந்தால் என்ன ஆகும்? பேச்சில் உயிரொலி உரக்க ஒலிக்கும்; மெய்யொலிகள் பல மெல்லியவை. இரைச்சல் முதலில் விழுங்குவது அந்த மெல்லிய ஒலிகளைத்தான். 'பள்ளி'யா, 'பல்லி'யா என்று காது தடுமாறும். மதிப்பெண் போவது அங்கேதான்.

இரைவது பல வீடுகளில் கிராபிக்ஸ் கார்டின் சின்ன விசிறிதான். ஒன்றை நினைவில் வையுங்கள்: விசிறி தானாகச் சத்தம் போடுவதில்லை. கார்டு சூடாகிறது, அதனால் வேகமாகச் சுழல்கிறது. ஆகவே விசிறியை அடக்கினால் போதாது. சூட்டைக் குறைக்க வேண்டும்.

1. சத்தம் எங்கிருந்து வருகிறது?

எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருளை நிறுவுங்கள். வேறு நிறுவனங்களின் கார்டுகள் பலவற்றுக்கும் இது வேலை செய்யும். கார்டின் விசிறி வேகத்தைச் சில நொடிகளுக்கு 60 விழுக்காட்டுக்கு உயர்த்துங்கள். பிறகு 35க்கு இறக்குங்கள். சத்தம் கூடவே ஏறி இறங்கினால் கார்டுதான் காரணம். மாறவில்லை என்றால் கணினியின் வேறு விசிறியைப் பாருங்கள்.

சத்தத்தின் வகையையும் கவனியுங்கள். 'உஸ்ஸ்' என்றால் காற்றோட்டச் சத்தம். 'கடகட' என்றால் விசிறியின் பேரிங் தேய்ந்திருக்கலாம். அந்த விசிறியை மாற்றுவதே தீர்வு. கொசு ரீங்காரம் போன்ற கீச்சொலி என்றால், அது விசிறியே இல்லாமல் கார்டின் மின்சுருள்களிலிருந்து வரலாம்.

2. தூசியும் காற்றும்

நம் ஊரில் பகலில் அறை வெப்பம் 30 பாகை செல்சியஸைத் தாண்டுவது சகஜம். குளிர் நாட்டில் இருப்பவர் சொல்லும் வெப்ப அளவு நம் வீட்டில் கிடைக்காது. அதோடு கணினியை டிவி கேபினெட்டுக்குள் வைத்துக் கதவையும் மூடிவிட்டால், வெளியேறிய சூடான காற்றையே அது திரும்ப இழுக்கும். கதவைத் திறந்து வைத்து, பின்புறம் ஒரு சாண் இடைவெளி விட்டுப் பாருங்கள். இதற்குக் காசே செலவில்லை.

அடுத்தது தூசி. கணினியை அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கி, உடம்பிலுள்ள நிலைமின்சாரம் நீங்க உலோகப் பெட்டியை ஒருமுறை தொடுங்கள். அழுத்தக் காற்றுப் புட்டியால் தூசியை ஊதும்போது, விசிறி சுழலாதபடி ஒரு சத்தே குச்சியால் பிடித்துக்கொள்ளுங்கள். கட்டுப்பாடில்லாமல் சுழன்றால் பேரிங் கெடலாம். மாணவர்களே, இதைப் பெரியவர் ஒருவர் உடனிருக்கும்போது செய்யுங்கள். பள்ளிக் கணினி என்றால் திறக்கவே வேண்டாம். தொழில்நுட்ப உதவியாளரிடம் சொல்லுங்கள்.

3. விசிறி வேகமும் கார்டின் வேலையும்

விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் அதன் காற்றுச் சத்தம் ஏறக்குறைய 15 டெசிபல் குறையும் என்பது பொறியியலில் பொதுவான கணக்கு. 10 டெசிபல் குறைந்தாலே சத்தம் பாதியானதுபோல் காதுக்குத் தோன்றும். ஆகவே வேகத்தைக் கொஞ்சம் குறைத்தாலும் பலன் பெரிது.

ஆஃப்டர்பர்னரில் வெப்பத்துக்கு ஏற்ப வேகத்தை அமைக்கும் கோடு ஒன்று உண்டு. குறைந்த வெப்பத்தில் மெதுவாகவும், 70 பாகைக்கு மேல் வேகமாகவும் சுழலும்படி அதை அமையுங்கள். எப்போதும் ஒரே வேகம் என்று பூட்டிவிடாதீர்கள். கோடையில் அது ஆபத்து.

அதே மென்பொருளில் கார்டு எடுக்கும் மின்சாரத்தின் உச்ச வரம்பையும் 100இலிருந்து 80 விழுக்காட்டுக்கு இறக்கலாம். காணொளி பார்ப்பவருக்கு வித்தியாசமே தெரியாது. விளையாட்டு ஆடுபவர் படவேகத்தை நொடிக்கு 60 என்று கட்டுப்படுத்தினால் சூடும் குறையும், கீச்சொலியும் பெரும்பாலும் தணியும்.

மாற்றம் செய்தபின் ஒரு மணி நேரம் காணொளியை ஓடவிட்டு வெப்பத்தைப் பாருங்கள். வெறும் காணொளிக்கே 80 பாகையைத் தாண்டினால் எங்கோ கோளாறு இருக்கிறது; கடையில் காட்டுங்கள். கார்டைப் பிரித்து வெப்பப் பசையைப் புதுப்பிக்க நினைப்பவர்கள், முதலில் உத்தரவாதம் முடிந்துவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

4. கார்டு வேண்டுமா?

பலர் கேட்க மறக்கும் கேள்வி இது. காணொளி மட்டும் பார்ப்பதற்கு, பல செயலிகளில் உள்ளமைந்த வரைகலையே போதும். உங்கள் செயலியில் அது இருந்தால், கார்டைக் கழற்றிவிட்டு எச்டிஎம்ஐ கம்பியைத் தாய்ப்பலகையில் செருகுங்கள். இரைந்த விசிறியே அங்கு இருக்காது. இல்லாதவர்களுக்கு, விசிறியே இல்லாத கார்டுகளும் உண்டு. 2017இல் வந்த ஜிடி 1030 கார்டு அப்படிப்பட்ட வடிவிலும் கிடைத்தது. அது 30 வாட் மட்டுமே எடுக்கும். காற்று போகும் பெட்டியாக இருந்தால் அதற்கு உலோகத் தகடுகளே போதும்.

செய்து பாருங்கள்

ஒருவர் 'கலை, களை, கழை', 'அரி, அறி', 'மனம், மணம்' ஆகிய சொற்களை வரிசை மாற்றி வாசித்துக் கைப்பேசியில் பதிவு செய்யட்டும். அதைத் தொலைக்காட்சி ஒலிபெருக்கியில் வழக்கமான ஒலியளவில் போட்டு, மாணவர் கேட்டு எழுதட்டும். கணினி இரையும்போது ஒருமுறை, அமைதியானபின் ஒருமுறை. இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிழை குறைந்திருந்தால் குறை இரைச்சலில் இருந்தது. குறையவில்லை என்றால் பயிற்சி இன்னும் தேவை என்று பொருள்.